தோளுக்குத் தெரிந்த கணக்கு

சென்ற வாரம் பிசியோதெரபி செய்ய வந்த தம்பி என் வலது தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மேடு எப்போது வந்தது ஐயா?" என்று கேட்டார். அறுபது வருடக் கதை அது. அவருக்கு நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அரசலாற்றங்கரையில் சைக்கிளோடு விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாகக் கூடியது. அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான தஞ்சைப் பக்கம் வந்து, 1966இல் கல்லூரியில் சேர்ந்தேன். சீனப் போருக்குப் பின் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக இருந்த சமயம். தோளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு வயது ரோஷம்!

முதலில் பாயிண்ட் 22 துப்பாக்கி கொடுத்தார்கள். அதன் குண்டு இரண்டரை கிராம் சொச்சம்தான். சுட்டதே தெரியவில்லை. அடுத்து த்ரீ நாட் த்ரீ. அதன் குண்டு 11 கிராமுக்கு மேல், விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகம். குப்புறப் படுத்துச் சுட்டேன். பித்தளைத் தகடு அடித்த பின்கட்டை காறை எலும்பிலேயே மோதியது. ஐந்து தோட்டாவையும் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டு முடித்தேன். மறுநாள் சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை.

லீவில் காரைக்கால் போனபோது பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். அவர் 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய், வலது தோளில் காயத்தோடும் பென்ஷனோடும் திரும்பியவர்.

"என்ன முசே, துப்பாக்கி உதைச்சுதா?" என்றார். பிறகு திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"குண்டு முன்னாலே போற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னாலே வரும். துப்பாக்கி கனமா இருந்தா உதை குறையும். பயந்துகிட்டு லூசா பிடிச்சா அது ஓடிவந்து அடிக்கும். தோளோட அணைச்சுப் பிடிச்சா தள்ளும், அவ்வளவுதான். நின்னு சுட்டா உடம்பு கொஞ்சம் பின்னாலே போய் அடியை வாங்கிக்கும். படுத்துச் சுட்டா உடம்பு எங்கே போகும்? எல்லாம் தோளுக்குத்தான்."

அவரிடம் உரிமத்தோடு ஒரு 12 போர் ரெட்டைக்குழல் இருந்தது. பட்டாளத்தில் அவர் தூக்கிய 7.5 மி.மீ. மாஸ் ரைபிளும் எங்கள் த்ரீ நாட் த்ரீயும் உதையில் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ரெட்டைக்குழல்தான் இரண்டையும் மிஞ்சியது என்பார். எனக்கு ஆச்சரியம். வேட்டைத் துப்பாக்கி ராணுவத் துப்பாக்கியைவிட உதைக்குமா? பின்னாளில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு தோட்டாவில் சுமார் 30 கிராம் ரவை. துப்பாக்கியோ மூன்று கிலோ சொச்சம்தான். நாலு கிலோ த்ரீ நாட் த்ரீயோடு ஒப்பிட்டால், பின்னால் வரும் சக்தி கிட்டத்தட்ட இருமடங்கு!

அப்படியும் சம்பா வயலில் உள்ளான் சுட அவர் போவார். சட்டம் அனுமதித்த நாட்கள் அவை. உள்ளானுக்குச் சன்ன ரவை போதும் என்று, ரவை குறைந்த தோட்டாவாகப் பொறுக்கி எடுப்பார். பின்கட்டையில் ரப்பர் தைத்திருந்தார். இடது தோளில் வைத்துத்தான் சுடுவார். வலது தோளால் முடியாது என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் தோட்டாப் பெட்டியை மூடிவிட்டார்.

நான் கலெக்டர் ஆபீசில் கிளார்க் ஆனேன். சில வருடம் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேசையில். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய மிராசுதார்கள் புதுப்பிக்க வருவார்கள். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரசீதோடு நிற்பார்கள். தோள் போனவர்களும் வருவார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துப் போடக் கை உயரும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். "ரப்பர் வையுங்கள், ரவை குறைந்த தோட்டா வாங்குங்கள், முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்" என்று மெல்லச் சொல்லி அனுப்புவேன்.

பெரியப்பா போனபின், "இந்த வீட்டிலே இது இருக்கட்டும், நீ உன் பேருக்கு எழுதி வாங்கிக்கோ" என்றார் பெரியம்மா. வாரிசுக்கு மாற்றும் விண்ணப்பம் எனக்கு மனப்பாடம். எழுதியும் விட்டேன். கடைசியாகத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். பின்கட்டை அந்தக் கோணல் எலும்பில் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் புரிந்தது: என்னால் இதைச் சுட முடியாது, பெரியப்பாவைப் போல அதை மறைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க நடிக்கவும் முடியாது.

துப்பாக்கியின் உதைக்குப் பிரெஞ்சில் 'ரெக்குயுல்' என்பார்கள். பின்வாங்குவதற்கும் அதே சொல்தான். விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு, ஒப்படைக்கும் படிவத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் உள்ளதைச் சொன்னேன்: 'தோளில் பழைய முறிவு.' பெரியம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். தோளோ முழங்காலோ, வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதினேழு வயதில் நான் சொல்லாததை இந்தத் தம்பி இப்போது தினமும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.