எண்ணாமல் எழுதிய இருபது

நோயாளியின் மூச்சை எண்ணாமலே சார்ட்டில் 20 என்று எழுதிக்கொண்டிருந்தவள் நான். என்றோ ஒருநாள் அல்ல, வருடக்கணக்காக.

இரத்த அழுத்தத்துக்கு மெஷின் இருக்கிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர். நாடித்துடிப்பை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே காட்டிவிடும். மூச்சுக்கு மட்டும் கட்டிலருகே நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். 30 நோயாளிகள் என்றால் அரை மணி நேரம். நைட் ட்யூட்டியில் தனியாளாக நிற்பவளுக்கு அந்த அரை மணி கிடைக்காது. அது உண்மைதான். அதற்காக எண்ணாததை எண்ணியதாக எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஏன் 20? அது யாரையும் கேள்வி கேட்க வைக்காத எண். லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை பூஜ்யம். 21 ஆனால் 2 மதிப்பெண். 25-ஐத் தொட்டால் 3. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒன்றுக்காகவே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நான் எழுதியது, மதிப்பெண் எதுவும் விழாத கடைசி எண்.

ஒருநாள் இரவு காலில் புண்ணோடு ஒரு சர்க்கரை நோயாளி இருந்தார். நள்ளிரவு தாண்டி அவர் மனைவி வந்து, “சிஸ்டரு, இவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குதும்மா, வந்து பாருங்க” என்றார். போனேன். ஆக்சிமீட்டரை மாட்டினேன். 97. “ஆக்சிஜன் நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க” என்றேன். நோயாளியிடம் ஏதோ கேட்டபோது இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கிப் பதில் சொன்னார். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுந்தது. கண்ணில் பட்டது, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மேசைக்கு வந்து 20 என்று எழுதினேன்.

படிக்காத விஷயமல்ல. நோய்த்தொற்று முற்றி இரத்தத்தில் அமிலம் கூடினால், கரியமில வாயுவை வெளியேற்றி ஈடுகட்ட உடல் மூச்சை வேகப்படுத்தும். அந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருக்கலாம். இரத்த அழுத்தம் பிறகுதான் விழும். மூச்சுதான் முதலில் சொல்லும். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

விடிகாலையில் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. ஓடிவந்த டாக்டர் சார்ட்டைப் புரட்டினார். ராத்திரி முழுக்க 20, 20, 20. “திடீர்னு மோசமாயிட்டார் போல” என்றார். நான் ஆமாம் என்றேன். மனைவி என்னைக் கூப்பிட்டதையும் சொல்லவில்லை. ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். உயிர் பிழைத்தார்; காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நான் எண்ணியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் பலனை நானே எடுத்துக்கொண்டேன். என்மீது விசாரணை இல்லை, மெமோ இல்லை. சார்ட் என் பக்கம் சாட்சி சொன்னது.

செவிலியரின் முடிவெடுக்கும் முறையைச் செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டின் டானர் 2006-ல் நான்காகப் பிரித்தார்: கவனிப்பது, பொருள் புரிந்துகொள்வது, செயல்படுவது, பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பது. முதல் படியையே நான் பொய்யாக்கியிருந்தேன். படிப்பில்லாத அந்த அம்மாள் அதைச் சரியாகச் செய்திருந்தார். அவரை நான் ஒரு கருவியைக் காட்டி வாயடைத்தேன். அவரிடம் இதுவரை உண்மையைச் சொன்னதில்லை.

நான் முற்றும் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அதுவும் இன்னொரு 20 ஆகிவிடும். கூட்டம் நெரியும் இரவுகளில் இன்றும் எல்லோருக்கும் எண்ண முடிவதில்லை. எண்ணாதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். காலையில் இன்சார்ஜ் சிஸ்டர், “என்ன இது, சார்ட் பாதி காலியா கிடக்குது?” என்று சத்தம் போடுவார். போடட்டும். காலிக் கட்டத்தைப் பார்க்கும் டாக்டர் நின்று தானே எண்ணிப் பார்ப்பார். 20-ஐப் பார்ப்பவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.