அடிஸ் அபாபாவில் ஊட்டிவிட்ட கை

வெளிநாடு போய்த் திரும்பினால் நேயர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். எத்தியோப்பியா போய் வந்தபோதும் கேட்டார்கள். "தோசை மாதிரி ஒன்னு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முழுக்கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோசையின் பெயர் இஞ்செரா. கசகசாவைப் போல் பொடியாக இருக்கும் தெஃப் என்ற தானியத்தில் செய்கிறார்கள். மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மிதாட் எனப்படும் அகன்ற மண்கல்லில் வட்டமாக ஊற்றி மூடிவிடுகிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேற்பக்கம் ஆப்பத்தைப் போல் பொட்டுப் பொட்டாகத் துளை விழும். அந்தத் துளைகளை அவர்கள் 'கண்' என்கிறார்கள். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. புளிப்போ, நாம் மறந்துபோய் வெளியே வைத்துவிட்ட தோசைமாவையும் தாண்டும். முதல் வாயில் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் காலையில் பசியாற அதையே தேடினேன். மிச்சமான இஞ்செராவைப் பிய்த்து, காரமான பெர்பெரே மசாலாக் குழம்பில் பிரட்டி ஃபிர்ஃபிர் என்று தருவார்கள். நம் கொத்து ரொட்டிக்குத் தூரத்து உறவு!

நாக்குக்கு வந்த சோதனை அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் கார் ஓட்டுநர், என்னையும் தோழியையும் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். இறைச்சி, பால், முட்டை கிடையாது. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? நிம்மதியாக உட்கார்ந்தேன். குவளையில் நீர் கொண்டுவந்து எங்கள் கைகளில் ஊற்றினார்கள். பிறகு ஒரே ஒரு பெரிய தட்டு வந்தது. அதை மூடியபடி ஓர் இஞ்செரா. அதன்மேல் மைசூர்ப் பருப்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, வதக்கிய கீரை. சுற்றி உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் அந்த ஒரு தட்டுதான்.

என் ஓரத்தில் மட்டும் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுநரின் அம்மா ஒரு துண்டில் பருப்பை வைத்துச் சுருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினார். "குர்ஷா" என்றார் ஓட்டுநர். விருந்தாளிக்குக் கையால் ஊட்டிவிடுவது அங்கே அன்பும் மரியாதையும்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தவர். குவளையில் வாய்வைத்துக் குடிக்கவிட மாட்டார். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருவர் கடித்ததை இன்னொருவர் தொட்டால், "எச்சில்!" என்று அதட்டுவார். எல்லாம் சுத்தத்துக்காக என்றே நினைத்து வளர்ந்தேன். அதே வீட்டின் பின்வாசல் ஆணியில் ஒரு தகரக் குவளை தொங்கும். சிலர் வந்தால் அதில்தான் தேத்தண்ணி. அவர்களும் தமிழர்கள், அதே ரப்பர் மரத்தைச் சீவியவர்கள். அந்தக் குவளை சாதிக்காகத் தொங்கியது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. புரிந்த பிறகும் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெருநாள் வந்தால், 'வேற்றுமை பாராமல் சேர்ந்து உண்போம்' என்று வானொலியில் குரல் குழையப் பேசுகிறவள் நான். அந்த அம்மாவின் விரல்கள் என் உதட்டருகே நின்றபோது உடம்பு தானாகப் பின்வாங்கியது. தகரக் குவளைதான் கண்முன் வந்தது. எச்சில் என்ற சொல்லோடு சேர்த்து நான் வேறு எதைக் கற்றுக்கொண்டேன் என்று பயமாக இருந்தது.

"வயிறு நிறைஞ்சிருச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் உருண்டை போய்விட்டது! எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கவேண்டியதாயிற்று.

ஒன்றோடு நிறுத்தக்கூடாதாம். அவர் அடுத்ததைச் சுருட்டி நீட்டினார். இம்முறை அவசரப்படவில்லை, காத்திருந்தார். நானாகவே வாயைத் திறந்தேன். அவர் விரல்நுனி உதட்டில் பட்டது.

இனி என் முறை என்று ஓட்டுநர் சொன்னார். எனக்குச் சுருட்டத் தெரியவில்லை. பாதி வழியில் பிரிந்து, பருப்பு அவருடைய வெள்ளைச் சால்வையில் விழுந்தது. அவர் அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறந்து காத்திருந்தார்.