பச்சைப் பயிரும் பழைய உத்தரவும்

சேத்தியாத்தோப்பில் எங்கள் உரக்கடைக் கடன் நோட்டில் வளையமாதேவிக்காரர்களின் பக்கங்கள் எப்போதும் நிறைந்திருக்கும். அவர்கள் உழுத நிலத்தில் ஒரு பகுதி, 2006க்கும் 2013க்கும் இடையில் நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது. அப்போதே பணமும் கொடுத்துவிட்டார்கள். பட்டா கை மாறிய நிலத்துக்குப் பயிர்க் கணக்கான அடங்கல் ஏது? அடங்கல் இல்லாமல் பயிர்க்கடன் ஏது? ஆனால் சுரங்கம் அந்த வயல் வரைக்கும் வரவில்லை. வருஷா வருஷம் நட்டார்கள், அறுத்தார்கள். விதையும் யூரியாவும் என்னிடம் கடன். களத்தில் நெல் விற்றதும் கணக்கு நேர். "மண்ணு அவுங்களுது தம்பி, வெள்ளாமை நம்முளுது" என்பார் ஒரு பெரியவர். பல போகம் இப்படியே ஓடியது.

நெய்வேலிக் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பாடம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாகக் கிளம்பியதை நெருப்பில் போட்டார்கள், எரிந்தது. 1956இல் என்.எல்.சி. நிறுவனம், 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இடையில் அவர்களைப் படுத்தியது தண்ணீர். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் குழி பொங்கிவிடும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர் வெளியே போகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த வயலும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கரண்டும் அங்கிருந்துதான். என் பெரியப்பா மகன் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தால் சோறு இறங்காது.

2023 ஜூலை 26. கடைக்கு வந்த பையன் ஒருவன், "அண்ணே, வயல்ல பொக்லைன் எறங்கிடுச்சு" என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் போலீஸ் வேன். வண்டியை ஓரங்கட்டி வரப்போரம் நின்று பார்த்தேன். அங்கே வெட்டியது பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய், மொத்தம் 12 கிலோமீட்டர். ஒன்றரை கிலோமீட்டர்தான் பாக்கி, மழைக்கு முன்னால் முடிக்காவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் போய்விடும் என்பது என்.எல்.சி. பக்கத்து நியாயம். இயந்திரக் கை பச்சைப் பயிரோடு சேற்றை அள்ளி ஓரமாகக் கொட்டிக்கொண்டே போனது. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்று ஒரு காவலரிடம் கேட்டார். அந்தக் காவலருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகை. கட்சித் தலைவர் அன்புமணி கைதானார், கல் பறந்தது, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச்சூடு. நான் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு செல்போனில் பார்த்தேன். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னார்கள். எடுத்த நிலத்தை இத்தனை வருஷம் ஏன் வேலியடைக்காமல் விட்டீர்கள் என்பதுதான் எனக்குள் கிடந்த கேள்வி. சட்டப்படி அவர்கள் வைத்திருந்த காகிதத்தில் குறை சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் வருஷக்கணக்கில் உழவிட்ட பிறகு நட்ட பயிரைக் கணக்கில் சேர்க்காதது அநியாயம்.

அதே வருஷம் மார்ச்சில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பழுப்பு நிலக்கரி வட்டாரத்தை மத்திய அரசு ஏலப் பட்டியலில் போட்டிருந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி வட்டாரங்களும் கூடவே இருந்தன. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத, ஏப்ரலில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். கடைத்தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் எங்கள் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே நடக்கிற திட்டத்தை அந்தச் சட்டம் தொடாது.

பெரியவர் இப்போது காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் பாசனத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் முகம் தெரியாதவருக்குக் கடன் தரமாட்டாராம். மினி லாரிக்கு வாடகை கொடுத்து என்னிடம் வந்தே மூட்டை ஏற்றுகிறார். போன போகத்துப் பாக்கியில் பாதி வந்துவிட்டது, மீதி தையில்.