போக்கிய வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்பது முதுமொழி. வங்கியின் துணையின்றியே நம் முன்னோர் இரண்டையும் செய்து முடித்தனர். வீட்டுக்கடன் வழங்கிவந்த எச்.டி.எப்.சி. நிறுவனம் தோன்றியதே 1977-இல்தான். தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988-இல். அதற்கு முன் வீடுகள் எழவில்லையா?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கோலியனூர் நமது ஊர். அறுவடை முடிந்த கோடையில் மண்ணைக் குழைத்து ஒரு வரி சுவர் வைப்பர். அது காய்ந்த பின் அடுத்த வரி. மேலே பனங்கை, மூங்கில், கரும்புச் சோகை. உற்றாரும் அண்டை வீட்டாரும் கைகொடுப்பர். அவர்கள் வீட்டு வேலைக்கு நாம் போவோம். சீட்டுப் பணம் கைக்கு வந்த ஆண்டில் கூரை போய் ஓடு ஏறும். பெண்களின் கழுத்து நகை கதவாகவும் நிலையாகவும் மாறும்.

ஆயினும், அது கடனே அறியாத காலம் என்பது உண்மையன்று. மனையற்றோர்க்குப் போக்கியம் இருந்தது. ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது அம்முறை. அனுபவ பாத்தியதையுடன் கூடிய இத்தகைய அடைமானத்தை 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் கூறுகிறது.

நம் தந்தையார் 1979-இல் மூவாயிரம் ரூபாய்க்கு ஓர் ஓட்டு வீட்டைப் போக்கியம் பிடித்தார். பின்னர் நாம் வேலூருக்கு ஓதச் சென்றோம். கடன் கொடுத்தவர் நிபந்தனையிட்டுப் பெறும் பயன் வட்டியாகும் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் படித்தோம். மக்களின் தேவை கருதிப் புகாரா நாட்டு ஹனஃபி அறிஞர்கள் ‘பைஉல் வஃபா’ என்னும் மீட்பு விற்பனைக்கு இடமளித்த வரலாறும் உண்டு. அதைப் படிக்கும் பொறுமை அன்று நமக்கில்லை. 1987-இல் விடுமுறைக்கு வந்தவுடன், “அத்தா, நாம் வட்டியில் குடியிருக்கிறோம்” என்றோம்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே வீட்டுக்காரரைக் கண்டு, ஊர் வழக்கப்படி மாதம் அறுபது ரூபாய் வாடகை பேசி வந்தார். நம்மிடம் சொன்னது இவ்வளவே: “நீ ஓதினாய், நான் கொடுக்கிறேன்.”

சொந்த மனைக்கெனச் சேர்த்துவந்த பணமே அந்த அறுபது ரூபாய். எனவே நமது மண்வீடு ஆறாண்டு பிந்தி எழுந்தது. தாயார் அதில் வாழ்ந்தது இரண்டே ஆண்டுகள்.

இன்று இளைஞர்கள், “ஹஜ்ரத், வங்கிக் கடனில் வீடு வாங்கலாமா?” எனக் கேட்கின்றனர். வட்டி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மண்சுவரும் மாற்றுழைப்பும் மறைந்து, மனை விலை எட்டாத உயரத்திற்குப் போய்விட்ட நாளில், ‘கூடாது’ என்ற சொல்லோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? ஊர்தோறும் ஜமாஅத்தார் பைத்துல்மால் அமைத்து, வட்டியில்லாக் கடனாகிய கர்ழு ஹஸன் வழங்க முன்வரட்டும். சட்டத்தைச் சொன்னவர் நாம். அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் பெற்றோர். இனியேனும் அவ்விலையில் நாமும் பங்கேற்போமாக!