ஹெரால்டின் அளவுகள்

பிப்ரவரி 4

ஹெட்டைக் கழற்றியாயிற்று. நீலப் புகைக்குக் காரணம் தேய்ந்த சிலிண்டர்தான். போரிங் செய்தே ஆகவேண்டும். அதற்கு முன் சரியான அளவுகள் கைக்கு வரவேண்டும். சென்னையில் பிறந்த வண்டி இது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961-இல் இங்கே ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. தொழிற்சாலை மூடிப் பல காலமாகிவிட்டது. போய்க் கேட்க இடமில்லை.

பிப்ரவரி 9

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பின் அல்லிக்குளம் பக்கம் வந்துவிட்ட பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். ஹெரால்டு 1200-க்கான ஆங்கிலேயக் கையேடு ஒன்று அகப்பட்டது. வாங்கிவிட்டேன், ஆனால் போரிங் பட்டறைக்கு அதைக் கொடுக்கமாட்டேன். இங்கிலாந்தில் 1961-லேயே ஹெரால்டுக்கு 1147 சிசி எஞ்சின் வந்துவிட்டது. நம் ஊர் வண்டி நான்கு கதவானபோதும், பிறகு கஸெல் என்று பெயர் மாறியபோதும் 948 சிசியிலேயே நின்றது. பெரிய எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 69.3 மி.மீ., நம்முடையது 63. பிஸ்டன் ஓடும் தூரமோ இரண்டிலும் 76 மி.மீ. தான். ஸ்ட்ரோக்கை அளந்து எஞ்சினை அடையாளம் காண முடியாது. விட்டம் ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

பிப்ரவரி 10

ஜி.பி. ரோடு. பிஸ்டன் கேட்டதும் கடைக்காரரின் முதல் கேள்வி: "ஸ்டாண்டர்டா, இருபதா, நாற்பதா சார்?" அளக்காமல் எதையும் வாங்கவில்லை.

பிப்ரவரி 16

இன்று நல்ல நாள். பழைய ஸ்டாண்டர்ட் டென் காரின் கையேட்டை நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். டென்னுக்கும் இதே 948 சிசி எஞ்சின்தான். ஹெரால்டுக்கென்று தேடியது அதன் அண்ணனான டென்னிடம் இருந்திருக்கிறது!

மாலையில் மெக்கானிக் அண்ணன் போர் கேஜை இறக்கினார். சிலிண்டரின் உச்சியில் பிஸ்டன் ரிங் எட்டாத மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கும். அது தேய்வதில்லை. கடைசியாக எந்த அளவுக்குப் போர் செய்தார்கள் என்பதை அந்த விளிம்பு அப்படியே வைத்திருக்கும். காட்டியது 63.5. கரியைச் சுரண்டியதும் பிஸ்டன் தலையில் 020 என்ற முத்திரை தெரிந்தது. முன்பே ஒருமுறை இருபது தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, பெரிதாகப் போர் செய்திருக்கிறார்கள். இதைச் சொல்லும் கையேடு எங்குமில்லை.

"பிஸ்டன் கைக்கு வந்தப்புறம்தான் போரிங் சார். பிஸ்டனை அளந்து அதுக்கு ஏத்த மாதிரிதான் கடையணும்" என்றார் அண்ணன். முற்றிலும் சரி. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பிக் கடைந்துவிட்டால் திருப்ப வழியில்லை.

பிப்ரவரி 17

தடித்த அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டேப்பெட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 10 தௌ. ஹெட் நட்டுகளுக்கு 42 முதல் 46 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே. நான்கு சிலிண்டரின் இன்றைய விட்டமும் தனித்தனியாக. கிராங்கைக் கிரைண்டிங் முடித்து அனுப்பியதும் அந்த அளவும் இதில் ஏறும். நோட்டு வண்டியின் கையுறைப் பெட்டியில் இருக்கும். வண்டி யார் கைக்குப் போனாலும் கூடவே போகட்டும்.