மைலோ டின்னும் கம்ப்யூட்டரும்

உங்கள் லயத்துக்குப் பின்னால் விழும் மழைநீர் எந்த வழியாகப் போகிறது என்று நின்று பார்த்ததுண்டா? எனக்கு அந்தக் கட்டாயம் வந்தது.

எங்கள் பின்மேட்டில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு, ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், கடைசி நான்கு வீடுகளின் குசினிக்குள் செந்நீர் புகுந்துவிடும். அரிசியைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போவார்கள். மழை அதிகம், என்ன செய்வது என்றோம். நானும்தான் சொன்னேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். அது மண்ணை அப்பளக்கட்டுப்போல் ஏடு ஏடாகப் பிரித்து, மேல் ஏட்டிலிருந்து கீழ் ஏட்டுக்கு எவ்வளவு நீர் இறங்கும் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிடுகிறது. அதற்கான சமன்பாட்டை ரிச்சர்ட்ஸ் என்பவர் 1931-இலேயே எழுதிவிட்டாராம். ஆனால் கையால் போட்டு மாளாத கணக்கு. காய்ந்த மண் முதலில் மடமடவென்று குடிக்கும். நனைய நனைய வேகம் தணிந்து ஓர் அளவில் நிற்கும். மழை அதைவிட வேகமாகப் பெய்தால் மிச்சம் மேலே ஓடும். அவ்வளவுதான் சங்கதி.

"மாமா, உங்க மண்ணு எவ்வளவு வேகமா குடிக்கும்? அது தெரியாம இது சும்மா பெட்டிதான்" என்றான்.

மைலோ டின் ஒன்றின் இரு பக்கமும் வெட்டி மண்ணில் இறக்கினோம். நீர் ஊற்றி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் கடிகாரம் கொடுத்தேன். மட்டை அடுக்கிய நிரையில் ஐந்து நிமிடத்தில் டின் காலி. டிராக்டர் போகும் தடத்தில் அரை மணியாகியும் ஒரு விரற்கடை இறங்கவில்லை. பத்தடிதான் இடைவெளி! சக்கரம் மண்ணின் துளைகளை நசுக்கிவிடுகிறது. வெற்றுத் தரையை அடிக்கும் மழைத்துளி மண்கட்டியை உடைத்து, மிஞ்சிய துளையையும் பூசிவிடுகிறது. மட்டைக்கடியில் மண்புழுவும் வேரும் வழி திறந்துவைத்திருக்கின்றன.

அந்த எண்களைக் கொடுத்ததும், தடத்து நீர் பெரும்பகுதி மேலேயே ஓடுவதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. அந்தத் தடம் இறங்கும் இடம் கடைசி நான்கு வீடுகள். (இரண்டு டின் கணக்கு ஒரு மேட்டுக்கே போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

காகிதத்தை ஆபீசில் கொடுத்தோம். பார்க்கலாம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்களே சரிவுக்குக் குறுக்கே மட்டைகளை அடுக்கினார்கள். வீடுகளுக்கு மேலே குழிகள் வெட்டினார்கள். கடந்த மழைக்காலத்தில் மூன்று குசினிகள் நனையவில்லை.

நாலாவது வீட்டுப் பாட்டி மட்டும் என்னைக் கண்டால் விடுவதில்லை: "வாத்தியாரே, என் வீட்டுப் பக்கம் எப்ப டின்னு வைக்கப் போறீங்க?"