மூலத்துக்கும் நாய்க்கும் முடிச்சு!

தென்காசியில் பெண் பார்ப்பது, அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாசம் அப்பா போட்ட புரோகிராம் இது. காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்தபோது காற்று ஆளையே தள்ளியது. சகுனமோ என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணைப் பிடித்திருந்தது. கேசரியும் பிரமாதம். கிளம்பும்போதுதான் தரகர் காதைக் கடித்தார்: "நட்சத்திரம் மூலம்!"

'பெண் மூலம் நிர்மூலம்' என்பார்களே! மாமனாருக்கு ஆகாதாம். அதனாலேயே ஏழு வரன் தட்டிப்போயிருக்கிறது.

குற்றாலம் போகிற பஸ்ஸில் எனக்குப் பேச்சே வரவில்லை. அருவிக்கரையில் அப்பா எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். துண்டு எடுக்கப் பையைத் திறந்தால், உள்ளே ஒரு நாய்! பயப்படாதீர்கள், காகிதக்கூழ் பொம்மை. ஜப்பான் போய் வந்த மேனேஜர் முந்தின நாள் ஆபீஸில் கொடுத்தது, பையிலேயே கிடந்தது.

ஜப்பானில் வருஷத்துக்கு ஒரு மிருகம். எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு. புது வருஷம் பிறந்தால் அதற்குரிய மிருகத்தைப் பொம்மையாக வீட்டில் வைப்பார்கள். நான் பிறந்த 1994 நாய் வருஷம். நாய் சுலபமாகக் குட்டி போடும் என்பதால், இந்தப் பொம்மை தாய்க்கும் பிள்ளைக்கும் காவலாம்.

நம்ம ஜோசியத்திலும் நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் உண்டு. யோனிப் பொருத்தம் பார்ப்பது அதை வைத்துத்தான். மூலத்துக்கு என்ன மிருகம் தெரியுமா? நாய்!

அங்கேயும் ஒரு 'நிர்மூலம்' இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும் நெருப்புக் குதிரை வருஷத்தில் பெண் பிறந்தால் புருஷனுக்கு ஆகாதாம். 1964ல் புல்லட் ரயில் விட்ட தேசம், 1966ல் இதற்குப் பயந்து, முந்தின வருஷத்தைவிடக் கால்வாசிக் குழந்தைகளைக் குறைவாகப் பெற்றது. 2026 மறுபடியும் அதே குதிரை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் வழியச் சிரித்தார்.

"ஏலே, மாமனாருக்குத்தான ஆகாதுங்கான்? பயப்பட வேண்டியவன் நாம்லா! நீ எதுக்குல நடுங்குத? கேசரித் தட்ட நீட்டும்போது அந்தப் புள்ளைக்குக் கையி நடுங்கிச்சே, பாத்தியா? எட்டாவதா நாமளும் வேண்டாம்னு சொல்லணுமாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்தது கேசரியை மட்டும்தான்.

அப்பா அருவிக்குள் போய் நின்றுகொண்டார். நான் தரகருக்குப் போன் போட்டேன்.

இப்போது அந்த நாய் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனைவிக்கு இது ஏழாம் மாசம். தினமும் பொம்மையைத் தூசி தட்டித் துடைத்து வைப்பது யார் என்கிறீர்கள்?

சாட்சாத் மாமனார்தான்!